புழுங்கினால் மழை வருமா? திருப்பூர் வட்டாரத்துக் கோடையைக் கணிக்கும் வழிகள்

வெயில் அளவை மட்டும் பார்த்தால் போதாது... காற்றில் உள்ள ஈரத்தையும் சேர்த்துப் பார்த்தால் கோழி, மாடு, வாழை, உயிர் அனைத்தையும் காப்பாற்றலாம்!

சித்திரை மாதம். பிற்பகல் மூன்று மணி. ஊத்துக்குளி பக்கத்துக் கட்டுத்தறியில் எருமைகள் வாயைத் திறந்து மூச்சு வாங்குகின்றன. பல்லடம் பகுதிக் கோழிப்பண்ணையில், இன்னும் நான்கு நாளில் பிடிக்க வேண்டிய கறிக்கோழிகள் இறக்கையை விரித்துப் படுத்துக் கிடக்கின்றன. காங்கேயத்தில் களம் முழுக்கத் தேங்காய்ப் பருப்பு காய்கிறது. வீட்டுக்கு ஒருவராவது பனியன் கம்பெனிக்குப் போயிருக்கிறார். அங்கே தகரக் கூரைக்குக் கீழே அயர்ன் டேபிளில் நீராவி பறக்கிறது.

எல்லோரும் சொல்வது ஒரே வார்த்தைதான். ‘உப்புசம் தாங்க முடியலை. சாயங்காலம் மழை வந்துரும்.’

சில நாள் வருகிறது. பல நாள் வருவதில்லை. வரும் நாளில் அரை மணி நேரத்தில் வாழையைச் சாய்த்துவிட்டு, களத்துப் பருப்பை நனைத்துவிட்டு, சில சமயம் மரத்தடியில் ஒதுங்கிய ஆடுகளையும் கொன்றுவிட்டுப் போகிறது. அந்த உப்புசம் உண்மையில் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டால், இழப்பில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். கிடைக்கிற மழையையும் முழுதாகப் பிடித்து வைக்கலாம்.

குளத்து ஈரம் மழையாகுமா?

திருப்பூரில் இருந்து ஊத்துக்குளி போகும் வழியில், சர்க்கார் பெரியபாளையம் அருகே இருக்கிறது நஞ்சராயன் குளம். நல்லாற்று நீரால் நிறையும் இந்தக் குளத்தின் பரப்பு சுமார் 125 ஹெக்டேர். 2022-ல் தமிழ்நாட்டின் 17-வது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பிடித்தது.

‘குளத்தில் தண்ணீர் இருந்தால் மழை இழுக்கும்’ என்ற பேச்சு இது போன்ற குளக்கரை ஊர்களில் உண்டு. இதில் பாதிதான் உண்மை.

உலகிலேயே அதிகமாக மின்னல் அடிக்கும் இடம் ஓர் ஏரிதான். தென் அமெரிக்காவில், வெனிசுவேலா நாட்டில் உள்ள மரக்காய்போ ஏரி. அங்கே ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 233 மின்னல்கள் பதிவாகின்றன. பகலில் கரையும் இரவில் ஏரியும் மாறி மாறிச் சூடாக இருப்பதால் காற்று திசை மாறி வீசுகிறது. இரவில் சுற்றியுள்ள மலைகளில் இருந்து இறங்கும் காற்று ஏரியின் மேல் மோதி, ஈரத்தோடு மேலே எழும்பி இடிமேகமாகிறது. ஆனால், அந்த ஏரியின் பரப்பு சுமார் 13,000 சதுர கிலோமீட்டர். நஞ்சராயன் குளத்தைப் போல பத்தாயிரம் மடங்கு.

சில நூறு ஏக்கர் குளத்தால் இடிமழையை உருவாக்க முடியாது. ஆனால், சுற்றியுள்ள தோட்டங்களில் பகல் வெக்கையைக் கொஞ்சம் தணிக்கும். கிணறுகளுக்கு நீரூற்றாக இருக்கும். அதேசமயம், காற்று நின்றுபோன நாளில் கரையோரத்தில் புழுக்கத்தைக் கூட்டவும் செய்யும். எனவே, குளக்கரையில் கட்டுத்தறி வைத்திருப்பவர்கள் ‘இங்கே குளுமைதானே’ என்று அசட்டையாக இருக்கக் கூடாது.

மழைக்கான ஈரம் வரும் வாசல்

அப்படியென்றால் கோடை மழைக்கான ஈரம் எங்கிருந்து வருகிறது? முக்கியமான வாசல், பாலக்காட்டுக் கணவாய். நீலகிரி மலைக்கும் ஆனைமலைக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள, சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகல இடைவெளி இது. கோடையில் கொங்கு மண் பகலெல்லாம் சூடேறுகிறது. சூடான காற்று மேலே போக, அந்த இடத்தை நிரப்ப அரபிக்கடலின் ஈரக்காற்று பிற்பகலில் கணவாய் வழியாக உள்ளே நுழைகிறது. இன்னொரு பக்கம், வங்கக்கடலில் இருந்து கிழக்குக் காற்று வருகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் காற்று போக வழியில்லாமல் மேலே எழும்புகிறது. அங்கேதான் இடிமேகம் கட்டுகிறது. வானிலை அறிக்கையில் ‘கிழக்கு திசைக் காற்றும் மேற்கு திசைக் காற்றும் சந்திக்கும் பகுதி’ என்று வாசிக்கிறார்களே, அது இதுதான்.

ஆக, கோடை இடிமழைக்கு மூன்றும் சேர வேண்டும். தரையில் சூடு, காற்றில் ஈரம், அந்தக் காற்றை மேலே தூக்கிவிடும் விசை. சூடு மட்டும் இருந்தால் வறண்ட வெயில். சூடும் ஈரமும் மட்டும் இருந்தால் வெறும் புழுக்கம். மூன்றாவதும் சேரும் நாளில்தான் மழை. ‘புழுங்கினால் மழை வரும்’ என்ற வாக்கு பல நாள் பொய்ப்பதற்குக் காரணம், அந்த மூன்றாவது சேராததுதான்.

இதைக் கவனிக்கத் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு வசதி இருக்கிறது. பல்லடம், உடுமலைப்பேட்டை, தாராபுரம் பகுதிகளில் வரிசையாக நிற்கும் காற்றாலைகள். விசிறி சுற்றும்போது அதன் முகம் எந்தத் திசையைப் பார்க்கிறதோ, அந்தத் திசையில் இருந்துதான் காற்று வருகிறது. காலையில் கிழக்கு பார்த்த காற்றாலை பிற்பகலில் மேற்குக்குத் திரும்பினால், கணவாய்க் காற்று வந்துவிட்டது என்று அர்த்தம். அதோடு மேகமும் திரண்டால், மாலையில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

ஈரப்பதக் கணக்கில் ஏமாறாதீர்கள்

செல்போனில் காலை ஏழு மணிக்குப் பார்த்தால் ‘ஈரப்பதம் 80 சதவிகிதம்’ என்று காட்டும். மதியம் பார்த்தால் ‘45 சதவிகிதம்’ என்று இருக்கும். ‘ஈரம் குறைந்துவிட்டது, இன்று மழை இல்லை’ என்று முடிவு செய்தால் தவறு.

காற்றை ஒரு பாத்திரமாக நினைத்துக்கொள்ளுங்கள். சூடு ஏற ஏற அந்தப் பாத்திரம் பெரிதாகும். 25 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 23 கிராம் நீராவியைத் தாங்கும். 35 டிகிரியில் சுமார் 40 கிராம் தாங்கும். காலையில் 25 டிகிரியில் 80 சதவிகிதம் என்றால், காற்றில் இருப்பது சுமார் 18 கிராம். அதே 18 கிராம் மதியம் 35 டிகிரியில் 45 சதவிகிதமாகத் தெரிகிறது. ஈரம் குறையவில்லை. பாத்திரம்தான் பெரிதாகிவிட்டது.

எனவே, காலை அளவைவிட பிற்பகல் இரண்டு, மூன்று மணி அளவைக் கவனியுங்கள். அந்த நேரத்தில் 20, 25 சதவிகிதம் என்று இருந்தால் வறண்ட காற்று. இடிமழைக்கான ஈரம் குறைவு. 35 டிகிரி வெயிலிலும் 45, 50 சதவிகிதம் நிற்கிறது என்றால், காற்றில் ஈரம் நிறைய இருக்கிறது. மழைக்கு வாய்ப்பு உண்டு. மழை வராவிட்டாலும், அன்றைக்குக் கால்நடைக்கும் மனிதருக்கும் சோதனை உறுதி.

38 டிகிரியைவிடக் கொடிய 32 டிகிரி

மனித உடம்பு வியர்வையை ஆவியாக்கித்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாது. சொட்டச் சொட்ட வடியும், உடம்பு குளிராது. மாட்டுக்கும் இதே நிலைதான். கோழிக்கு வியர்வைச் சுரப்பியே கிடையாது. அலகைத் திறந்து மூச்சு வாங்கித்தான் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். புழுக்கத்தில் அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது.

இதைக் கணக்கிடக் கால்நடைத் துறையினர் ‘வெப்ப-ஈரப்பதக் குறியீடு’ ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். நோட்டில் எழுதி வைத்து நீங்களே போட்டுப் பார்க்கலாம். வெப்பநிலையை 0.8 ஆல் பெருக்குங்கள். வெப்பநிலையில் இருந்து 14.4-ஐக் கழித்து, மீதியை ஈரப்பதத்தால் பெருக்குங்கள் (70 சதவிகிதம் என்றால் 0.70). இரண்டு விடையையும் கூட்டி, அதோடு 46.4 சேருங்கள்.

38 டிகிரி வெயில், 25 சதவிகித ஈரம்: 30.4 + 5.9 + 46.4 = 82.7

32 டிகிரி வெயில், 70 சதவிகித ஈரம்: 25.6 + 12.3 + 46.4 = 84.3

அதாவது, கொளுத்தும் 38 டிகிரி வறண்ட வெயிலைவிட, மேகம் மூடிய 32 டிகிரி புழுக்கம் மாட்டுக்கு அதிகத் தொல்லை. குறியீடு 72-ஐத் தாண்டினாலே கலப்பினக் கறவை மாடுகளுக்கு அயற்சி தொடங்கிவிடும். 80-ஐத் தாண்டும் நாளில் தீவனம் எடுப்பது குறையும், பால் குறையும், சினை பிடிப்பதும் தள்ளிப்போகும்.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சமவெளிப் பகுதியில் வெப்ப அலை என்று அறிவிக்க, வெப்பநிலை குறைந்தது 40 டிகிரியைத் தொட வேண்டும். 2024 ஏப்ரலில் ஈரோட்டில் 42 டிகிரியைத் தாண்டியபோது எல்லோரும் உஷாராக இருந்தார்கள். ஆனால், மேகமும் புழுக்கமுமாக 34, 35 டிகிரியில் நிற்கும் நாளில் எந்த அறிவிப்பும் வராது. பண்ணையில் கோழி சாவதும், கம்பெனியில் ஆட்கள் மயங்கி விழுவதும் அப்படிப்பட்ட நாள்களிலும் நடக்கின்றன.

வறண்ட வெயிலுக்கு ஒரு வைத்தியம், புழுக்கத்துக்கு வேறு வைத்தியம்

பலர் தவறு செய்யும் இடம் இது. வறண்ட வெயில் நாளில் கொட்டகையில் தண்ணீர் தெளித்தால் குளிரும். கூரையில் ஈரச்சாக்கு போடலாம், ஃபாகர் ஓட்டலாம். தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்ளும்.

அதே வேலையைப் புழுக்க நாளில், காற்றோட்டம் இல்லாத கொட்டகையில் செய்தால் நிலைமை மோசமாகும். ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்றில் மேலும் ஈரம் சேர்கிறது. பல்லடம் பகுதிக் கறிக்கோழிப் பண்ணைகளில், ஃபாகர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கோழிகள் சாவதற்கு இதுவும் ஒரு காரணம். ஈரப்பதம் 70 சதவிகிதத்துக்கு மேல் போனால் ஃபாகரை நிறுத்திவிட்டு, ஃபேனை ஓட்ட வேண்டும். பக்கவாட்டுப் படுதாவை முழுதாக ஏற்றிவிட வேண்டும். விற்பனைக்குத் தயாரான, எடை கூடிய கோழிகளுக்குத்தான் ஆபத்து அதிகம். மதிய நேரத்தில் தீவனத்தை நிறுத்தி, அதிகாலையிலும் இரவிலும் கொடுங்கள். தீவனம் செரிக்கும்போதும் உடலில் சூடு உண்டாகும். குடிநீர்த் தொட்டி வெயிலில் காய்ந்தால் கோழி தண்ணீரே குடிக்காது. தொட்டிக்கு நிழல் அவசியம்.

எருமைக்குக் கறுத்த தோல், வியர்வைச் சுரப்பியும் குறைவு. வெயிலை அதிகம் வாங்கும், குறைவாக வெளியேற்றும். குட்டையில் புரள விடுவதுதான் அதற்குச் சிறந்த வைத்தியம். வழியில்லாதவர்கள் காற்றோட்டமான இடத்தில் கட்டி, உடம்பின் மேல் நேரடியாகத் தண்ணீரை ஊற்றிக் காற்றுபட விடலாம். கறவை மாடு ஒன்று கோடையில் நாளொன்றுக்கு 80 லிட்டருக்கு மேல்கூடத் தண்ணீர் குடிக்கும். இரண்டு வேளை மட்டும் காட்டாமல், எப்போதும் தொட்டியில் தண்ணீர் இருக்கும்படி பாருங்கள். மேய்ச்சலைக் காலை ஒன்பது மணிக்குள் முடித்து, மாலை நான்கரைக்கு மேல் மறுபடி ஓட்டுங்கள். காங்கேயம் மாடு வெக்கையை நன்றாகத் தாங்கும். ஆனால், அதற்கும் நிழலும் தண்ணீரும் வேண்டும்.

கம்பெனிக்குப் போகிறவர்களுக்கும் இதே கணக்குதான். அயர்ன் செக்‌ஷன், சாயப்பட்டறை போன்ற இடங்களில் வெளிக்காற்றின் ஈரத்தோடு நீராவியும் சேர்கிறது. தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் அரை மணிக்கு ஒருமுறை தண்ணீர், இடையிடையே உப்பு போட்ட மோர் குடிக்க வேண்டும். பேச்சுக் குழறல், தடுமாற்றம், உடல் கொதிப்பு தெரிந்தால் அது வெறும் களைப்பு அல்ல. நிழலில் படுக்கவைத்து, உடல் முழுக்க நீரூற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் உயிரிழப்பு நேர்ந்தால், குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு.

‘ஓரிரு இடங்களில்’ என்றால் எத்தனை?

ரேடியோவிலும் டி.வி-யிலும் வரும் வானிலை வார்த்தைகள் சும்மா சொல்வதல்ல. ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு.

ஓரிரு இடங்களில்: அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் 25 சதவிகிதம் வரை மழை பெறலாம்.

சில இடங்களில்: 26 முதல் 50 சதவிகிதம் வரை.

பல இடங்களில்: 51 முதல் 75 சதவிகிதம் வரை.

பெரும்பாலான இடங்களில்: 75 சதவிகிதத்துக்கு மேல்.

அளவிலும் அப்படித்தான். ‘மிதமான மழை’ என்றால் 24 மணி நேரத்தில் 15.6 முதல் 64.4 மி.மீ. வரை. 64.5 மி.மீ. முதல் ‘கனமழை’.

கோடையில் நாம் அதிகம் கேட்பது ‘ஓரிரு இடங்களில் இடி, மின்னலுடன் கூடிய மிதமான மழை’ என்பதைத்தான். நான்கில் மூன்று ஊருக்கு அன்று மழை இல்லாமல் போகலாம் என்பதும் அதற்குள் அடக்கம். ஓர் இடிமேகத்தின் அகலம் சில கிலோமீட்டர்தான். ஆயுளும் அரை மணியில் இருந்து ஒரு மணி நேரம்தான். அவிநாசியில் கொட்டிவிட்டு, பெருமாநல்லூரில் தூறல்கூடப் போடாமல் போவது இதனால்தான். நம் ஊருக்கு வரவில்லை என்பதற்காக அறிவிப்பு பொய் என்று தள்ளிவிட வேண்டாம். ‘ஓரிரு இடங்களில்’ என்ற நாளில் களத்துக்குத் தார்ப்பாய் தயாராக இருக்கட்டும், ஆனால் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்த வேண்டாம்.

பிற்பகலில் வானம் சொல்லும் செய்தி

மதியம் பன்னிரண்டு மணிக்குப் பஞ்சுப் பொதி போன்ற மேகங்கள் தட்டையாகவே நின்றால் பயமில்லை. அவை காலிஃபிளவர் போல மேல்நோக்கி வளர்ந்தால் கவனிக்க வேண்டும். இரண்டு, மூன்று மணிக்கு அடிப்பகுதி கறுத்து, உச்சி பட்டறைக்கல் போலத் தட்டையாக விரிந்தால் அது முழு இடிமேகம். அதுவரை நின்றிருந்த காற்று திடீரெனக் குளுமையாக, புழுதியோடு வீசினால் மேகத்துக்குள் மழை இறங்கத் தொடங்கிவிட்டது. இனி கையில் இருப்பது சில நிமிடங்களே.

அந்தச் சில நிமிடங்களில் தேங்காய்ப் பருப்புக் களத்தை மூட முடியாது. நனைந்த பருப்பில் பூஞ்சணம் பிடித்தால் விலை விழும். எனவே, மேகம் காலிஃபிளவர் போல வளரும் நேரத்திலேயே பருப்பைக் குவித்துவிட வேண்டும். பிடுங்கிப் போட்ட சின்ன வெங்காயத்துக்கும் இது பொருந்தும். நனைந்த காயைப் பட்டறையில் ஏற்றினால் அழுகிவிடும்.

தார் விட்ட வாழைக்கு முட்டுக் கொடுப்பதைப் பங்குனிக்குள் முடித்துவிடுவது நல்லது. பலத்த காற்று எச்சரிக்கை உள்ள பிற்பகலில் வாழைக்கு வெள்ளமாகப் பாய்ச்ச வேண்டாம். மண் சேறாக இருந்தால் மரம் வேரோடு சாயும்.

மரத்தடி வேண்டவே வேண்டாம்

இந்தியாவில் ஆண்டுதோறும் 2,500-க்கும் மேற்பட்டோர் மின்னலுக்குப் பலியாகிறார்கள். பெரும்பாலோர் வயலிலும் மேய்ச்சல் காட்டிலும் இருந்தவர்கள்.

காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் பகுதிகளின் கொறங்காடுகளில் கிளுவை வேலிக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரங்கள் நிற்கும். வெயிலுக்கு அந்த நிழல் வரம். இடி நேரத்திலோ அதுவே எமன். திறந்த வெளியில் உயரமாக நிற்கும் தனி மரத்தைத்தான் மின்னல் தேடும். மரத்தில் இறங்கிய மின்சாரம் தரையில் பரவும். மாடு, ஆட்டின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகம் என்பதால், அந்த இடைவெளி வழியாக மின்சாரம் உடம்பில் பாய்ந்து இதயத்தைத் தாக்கும். ஒரே மரத்தடியில் பட்டி ஆடுகள் மொத்தமாகச் சாவது இதனால்தான்.

மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். இடிச்சத்தம் மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் பயணிக்கும். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால், மேகம் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்த மின்னல் உங்கள் காட்டில் விழலாம். உடனே கான்கிரீட் வீட்டுக்கோ, கதவு மூடிய பஸ், காருக்கோ போய்விட வேண்டும். பக்கச் சுவர் இல்லாத கொட்டகை, திறந்த டிராக்டர், டூவீலர் பாதுகாப்பு தராது. கம்பி வேலி, மோட்டார் ஸ்டார்ட்டர், குழாய் எதையும் தொடக் கூடாது. கிணற்றிலோ குளத்திலோ இருந்தால் வெளியே வந்துவிட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே காட்டுக்குத் திரும்ப வேண்டும்.

ஒதுங்க இடமே இல்லையென்றால், இரண்டு பாதங்களையும் சேர்த்துக் குந்தி, தலையைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். படுக்கக் கூடாது. கால்களை அகட்டி நிற்கவும் கூடாது.

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்பது தவறு. அவர் உடம்பில் மின்சாரம் தங்காது. மூச்சும் நாடியும் இல்லையென்றால், 108-க்குச் சொல்லிவிட்டு உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு.

பெய்த மழையைப் பிடித்து வையுங்கள்

ஒரு ஏக்கரில் 25 மி.மீ. மழை என்றால் சுமார் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் எட்டு லோடுக்கு மேல். கெட்டிப்பட்ட காட்டில் இதில் பெரும்பகுதி ஓடிவிடும். ‘சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்’ என்று பெரியவர்கள் சொன்னது இதற்காகத்தான். முதல் மழை பெய்து, மண் கையில் ஒட்டாத பக்குவத்துக்கு வந்ததும் சரிவுக்குக் குறுக்காகக் கோடை உழவு ஓட்டுங்கள். அடுத்த மழை உழவுசாலில் இறங்கும். மக்காச்சோளம் போட்ட காட்டில் மண்ணுக்குள் இருக்கும் படைப்புழுவின் கூட்டுப்புழுக்கள் வெயிலிலும் பறவைகளுக்கும் அழியும்.

நிலக்கடலைக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நல்ல கோடை மழைக்குப் பின் வரும் இரவுகளில், மண்ணுக்குள் இருந்து சிவப்புக் கம்பளிப்புழுவின் அந்துப்பூச்சிகள் வெளிவரும். அந்த இரவுகளில் விளக்குப்பொறி வைத்தால், பிறகு மருந்தடிக்கும் செலவு குறையும்.

விவசாயிகளின் கேள்விகளும் பதில்களும்

எங்கள் தோட்டத்தில் பெய்த மழையை எப்படி அளப்பது?
அடியும் வாயும் ஒரே அகலமுள்ள டப்பாவைத் திறந்தவெளியில், மரம், கூரையில் இருந்து தள்ளி வையுங்கள். மழை நின்றதும் ஸ்கேலால் தண்ணீர் உயரத்தை அளந்தால் அதுவே மி.மீ. அளவு. தேதியோடு எழுதி வைத்தால் நாலைந்து ஆண்டில் உங்கள் தோட்டத்துக் கோடை உங்களுக்கே புரியும்.

ஒரு மழையை நம்பிச் சோளம் விதைக்கலாமா?
மண்ணைத் தோண்டிப் பாருங்கள். ஒரு சாண் ஆழத்துக்கு ஈரம் இறங்கியிருந்தால் தீவனச் சோளம் விதைக்கலாம். மேலாக மட்டும் நனைந்திருந்தால் முளைத்த பயிர் அடுத்த வாரமே காயும். அப்போது உழவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நம்பகமான எச்சரிக்கை எங்கே கிடைக்கும்?
மின்னலுக்குப் புனே வெப்பமண்டல வானிலை நிறுவனம் உருவாக்கிய ‘தாமினி’ ஆப். நீங்கள் இருக்கும் இடத்தைச் சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் அடித்தால் சொல்லும். பயிர் ஆலோசனைக்கு ‘மேக்தூத்’ ஆப். செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் மாவட்ட வாரியாகத் தமிழிலேயே வரும். இரண்டும் இலவசம். கிசான் கால் சென்டரின் 1800-180-1551 எண்ணிலும் கேட்கலாம்.

மின்னலில் மாடு இறந்தால் என்ன செய்வது?
புதைக்கும் முன் கிராம நிர்வாக அலுவலருக்கும் கால்நடை மருத்துவருக்கும் தகவல் சொல்லி, போட்டோ எடுத்து, பிரேதப் பரிசோதனைச் சான்று வாங்குங்கள். அது இல்லாமல் நிவாரணம் கேட்பது கஷ்டம். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077. காயம்பட்ட கால்நடைக்கு அவசர சிகிச்சை வண்டி எண் 1962.

காற்றில் வாழை சாய்ந்தால்?
அப்புறப்படுத்தும் முன் போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் தோட்டக்கலை அலுவலகத்திலும் எழுத்து மூலம் கொடுங்கள். பயிர்க் காப்பீடு செய்தவர்கள் ஆலங்கட்டி மழை, நீர் தேக்கம் போன்ற பாதிப்புகளை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். மூன்று நாள் தாண்டினால் பிரீமியம் கட்டியும் பலன் கிடைக்காமல் போகலாம்.